ஒன்பதாம் நம்பர் ஆணி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. வந்தவர்களுக்குப் பால் சேர்க்காத தே ஓ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செத்தவளின் புருஷன் ரவீந்திரன் எழுந்து வந்து, எங்கள் பஸ் டிரைவர் டக்ளசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அங்கள், கம்பெனிகூட அவளுக்கு ஒண்ணும் குடுக்கல. நீங்க ஒருத்தர்தான் மாஸ்க் போட்டுக்கம்மா, போட்டுக்கம்மான்னு சொன்னீங்களாம். வீட்டுல வந்து சொல்லுவா."

டக்ளஸ் கையை உருவவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். கப்பு நிறைந்து வழிந்து என் விரலைச் சுட்ட பிறகுதான் ஊற்றுவதை நிறுத்தினேன்.

அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுத்து எனக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. அதற்கு முன் பதினேழு வருஷம் எஸ்டேட்டில் மருந்தடித்தேன். இப்போது ரவாங் பக்கம் கையுறை செய்கிற பெக்டரியில் தரை துடைக்கிறேன். கதையை எங்கே பிடித்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தடவை ஆரம்பித்தேன். அடித்ததையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

முதல் ஆரம்பம்: அதிகாலைப் பனியைக் கிழித்துக்கொண்டு பஸ் வந்தது.

(அடித்துவிட்டேன். எங்கள் பஸ் எதையும் கிழிக்காது. நின்று நின்று வரும்.)

இரண்டாம் ஆரம்பம்: டக்ளஸ் ரொம்ப நல்ல மனுஷர்.

(இதையும் அடித்தேன். இப்படி ஆரம்பித்தால் இந்த ஆள் ஏதோ கெடுதல் செய்யப்போகிறான் என்று நீங்கள் முதல் வரியிலேயே பிடித்துவிடுவீர்கள்.)

மூன்றாம் ஆரம்பம்: டிரைவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது.

இது இருக்கட்டும். சப்பென்றுதான் இருக்கிறது. நடந்ததும் சப்பென்றுதான் நடந்தது.

2

டிரைவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஊர்ப் பொதுமண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலையில். பஸ், ஸ்கூல் வேன், டெக்சி ஓட்டுகிறவர்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நடத்தியது ஒரு சேவை இயக்கம். வகுப்பை மலாயில் குர்சுஸ் என்று கார்டில் போட்டிருந்தது. இருமல், சளி, காய்ச்சல் பஸ்ஸில் பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் பாடம்.

டக்ளசுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தோரு வருஷமாக பஸ் ஓட்டுகிறார். ஈஜோக் பக்கத்து எஸ்டேட் லயங்களில் ஆள் ஏற்றி எங்கள் பெக்டரியில் இறக்குவது அவர் வேலை. இத்தனை வருஷத்தில் அவரை எத்தனையோ இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்மன் வாங்க, பஸ்ஸைச் சோதனைக்குக் காட்ட, யாரோ கொடுத்த புகாருக்குக் கைகட்டி நிற்க. ஒன்றைச் சொல்லித் தருகிறோம் வாருங்கள் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மற்றவர்கள் பின்வரிசையில், முடிவில் கிடைக்கிற மீஹூன் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். "இருமுறவன ஏத்தாதன்னு சொல்லப்போறாங்க. அதுக்கு எதுக்குலா ஒரு காலைய வீணாக்கணும்" என்று ஒரு டெக்சிக்காரர் சொன்னதற்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. டக்ளஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் ஒருவர் மலாயில் படம் போட்டுப் பேசினார். பிறகு மாடில்டா மிஸ்ஸி தமிழில் பேசினார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மிஸ்ஸியாக, அதாவது நர்சாக, இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் கேட்ட ஒரு கேள்விதான் டக்ளசைப் பிடித்து உலுக்கியது.

"ஒரு நாளைக்கு எத்தன பேரோட மூச்சுக்குள்ள நீங்க உக்காந்திருக்கீங்க, எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

டக்ளஸ் எண்ணினார். காலை ஷிப்ட் இருபத்து நாலு, நைட் ஷிப்ட் இருபத்து மூணு. நாற்பத்தேழு பேரின் மூச்சு. அதற்குள்தான் அவர் இருபத்தோரு வருஷமாக ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது வரைக்கும் அவருக்கு அது வெறும் காற்றாக இருந்தது.

பிறகு மிஸ்ஸி சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டார். ஆள் ஏறுவதற்கு முன் பத்து நிமிஷம் ஜன்னல்களைத் திறந்து போடு. கைப்பிடிக் கம்பியைத் துடை. இருமினால் முழங்கை மடிப்பில் இரும வேண்டும். இரண்டு வாரம் இருமல் நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போ. பஸ்ஸில் எல்லாரும் மாஸ்க் போட வேண்டும், டிரைவர் உட்பட.

முடிவில் ஆளுக்கு ஒரு சர்டிபிகேட், ஒரு பெட்டி மாஸ்க். ஐம்பது மாஸ்க் உள்ள பெட்டி. சர்டிபிகேட்டை டக்ளஸ் கண்ணாடி போட்டு, டிரைவர் சீட்டுக்கு மேலே மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

3

இனி ஆணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மருந்துக் கொட்டகையைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

டக்ளசும் பஸ்ஸுக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் எஸ்டேட்டில் மருந்தடித்தவர். புல் சாக அடிக்கிற மருந்து. முதுகில் மருந்துத் தோம்பு, கையில் குழாய், முகத்தில் ரப்பர் முகமூடி. அந்த முகமூடிகள் எங்களுக்குச் சொந்தமில்லை. கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணி இருக்கும், ஆணிக்கு மேலே நம்பர் இருக்கும். காலையில் வேலை வாங்குகிற மண்டோர் நம்பரைக் கூப்பிடுவார், எடுத்து மாட்டிக்கொண்டு போவோம். வேலை முடிந்ததும் அதே ஆணியில் தொங்கவிடுவோம். மதியம் வருகிற கும்பல் அதே முகமூடியை மாட்டும். ஈரம் இருக்கும். அடுத்தவர் வெற்றிலை வாசம் இருக்கும். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்வோம். நம்பர் மாற்றிப் போட்டால்தான் மண்டோர் திட்டுவார். ஒழுங்கு என்றால் எங்களுக்கு அதுதான்.

(கோவிட்டில்கூடவா கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். கோவிட் சமயத்தில் வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்குப் போகலாம் என்று இருந்தது. எங்கள் லயத்தில் பல வீடுகளில் வாசல் ஆணியில் ஒரே மாஸ்க் தொங்கும். யார் கடைக்குப் போகிறாரோ அவர் மாட்டிக்கொண்டு போவார். நாங்கள் பயந்தது போலீசுக்கு. கிருமியை யார் பார்த்தார்கள்.)

டக்ளஸ் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தால் ஒரே நாளில் பெட்டி காலி. மறுநாளைக்கு என்ன செய்வது? அடுத்த பெட்டி எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னால் பாதிப் பேர் திரும்பக் கொண்டுவர மாட்டார்கள். ஸ்கூல் வேன்காரர்கள் சிலர் பெட்டியைப் பிரிக்காமலே டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார்கள், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. டக்ளசுக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. கற்றதைச் செய்து காட்ட வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னல்களுக்கு மேலே பழைய மரச்சட்டம் ஒன்று ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அதில் சீட்டுக்கு ஒன்றாக இருபத்து நாலு ஆணி அடித்தார். ஆணிக்கு ஒரு மாஸ்க். மாஸ்கின் ஓரத்தில் சீட்டு நம்பரை யாரோ மார்க்கர் பேனாவால் எழுதினார்கள்.

ஏறியதும் உன் ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள். இறங்கும்போது அதே ஆணியில் மாட்டு. காலையில் நாங்கள் இறங்கியதும் நைட் ஷிப்ட் ஆட்கள் ஏறுவார்கள், அதே சீட்டில் உட்காருவார்கள். சாயந்திரம் அவர்கள் இறங்க, நாங்கள் ஏறுவோம். ஞாயிற்றுக்கிழமை டக்ளஸ் பஸ்ஸை வெயிலில் நிறுத்தி எல்லா மாஸ்க்கையும் காயவைப்பார். வெயில் பட்டால் கிருமி சாகும் என்று அவர் நம்பினார். நாங்களும்தான்.

நாங்கள் யார் தெரியுமா? ஒரு தடவை போட்டுக் கழற்றினால் குப்பையில் போட வேண்டிய கையுறையை ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் செய்து உலகத்துக்கு அனுப்புகிறவர்கள். ஒரு தடவைதான் போட வேண்டும் என்று பெட்டி பெட்டியாக அச்சடித்து ஒட்டுகிறோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக பஸ்ஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கையுறை டாக்டர்களுக்கு. இது நமக்கு.

4

மேலே "யாரோ மார்க்கர் பேனாவால் எழுதினார்கள்" என்று எழுதியிருக்கிறேன். நாலு தடவை திருத்தி எழுதியும் அந்த வாக்கியம் அப்படியேதான் வருகிறது.

எழுதியது நான்.

டக்ளஸ் நம்பர் எழுத ஆள் கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். புதிதாக எழுதக் கற்றவளுக்கு எங்காவது எழுதிப் பார்க்கவேண்டும் என்று ஒரு அரிப்பு இருக்கும். இருபத்து நாலு மாஸ்க்கையும் மடியில் வைத்து, ஒன்றிலிருந்து இருபத்து நாலு வரை, மெதுவாக, அழகாக எழுதினேன். "அச்சு மாதிரி இருக்கே" என்று டக்ளஸ் சொன்னார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

நான் உட்காருவது நாலாம் நம்பர் சீட். நைட் ஷிப்டில் அந்த சீட்டுக்கு ஆள் இல்லை, டக்ளஸ் சாப்பாட்டுப் பையை வைப்பார். என் மாஸ்க்கை என்னைத் தவிர வேறு யாரும் போட்டதில்லை. அது தெரிந்துதான் நான் அங்கே

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. இப்படியே நிற்கட்டும்.)

ஒன்பதாம் நம்பர் சீட் தனேஸ்வரியுடையது. முப்பத்தொரு வயது, பேக்கிங் பகுதியில் வேலை. சின்ன வயசிலிருந்தே இழுப்பு உண்டு, பையில் எப்போதும் உறிஞ்சுகிற மருந்துக் குழாய் வைத்திருப்பாள். அதனாலேயே டக்ளஸ் சொன்னதை எல்லாரையும்விட ஒழுங்காகக் கேட்டவள் அவள்தான். மற்றவர்கள் பஸ் நகர்ந்ததும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடுவார்கள். அவள் ரவாங் வரைக்கும் மூக்கை மூடியே இருப்பாள்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. டக்ளஸ் பிரேக் போட்டால், "அங்கள், குர்சுஸ்ல பிரேக் போட சொல்லித் தரலயா?" என்பாள். ஒருநாள் மாஸ்க்கை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நைட்டுல என் சீட்டுல உக்கார்றது யாரு அங்கள்? தைலத்துலயே குளிச்சிட்டு வருவாங்க போல. எனக்கே சளி எறங்கிடுச்சி."

பஸ்ஸே சிரித்தது. டக்ளசும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நைட் ஷிப்டில் அந்த சீட்டில் உட்காருவது நாகமணி அக்கா. அப்போது அவருக்கு இருமல் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். நெஞ்சில், மூக்கில், காது மடலில் எல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசியதே கிடையாது. ஒருவர் இறங்கும்போது மற்றவர் ஏறுவார், அவ்வளவுதான் பழக்கம்.

5

இரண்டு மாதம் கழித்து அந்த இயக்கத்தார் இரண்டாவது வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். முதல் வகுப்பில் படித்ததை யார் யார் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பதற்கு.

அப்போது தனேஸ்வரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதலில் காய்ச்சல், உடம்பு வலி. அதோடு இழுப்பும் சேர்ந்துகொண்டது. நாலாம் நாள் மூச்சு விட முடியாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டக்ளசுக்குத் தெரியும். போகிற வழியில் அவளுக்காக ஒரு அருள் நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

மண்டபத்தில் இந்தத் தடவை பாதிப் பேர்தான். மாடில்டா மிஸ்ஸி ஒவ்வொருவராகக் கேட்டார். ஜன்னல் திறக்கிறேன் என்றார் ஒருவர். நேரமே இல்லை மிஸ்ஸி என்றார் இன்னொருவர். மாஸ்க் பெட்டி என்ன ஆனது என்று கேட்டதற்கு நாலைந்து பேர் தலையைச் சொறிந்தார்கள்.

டக்ளஸ் எழுந்து நின்றார்.

எழுந்து நின்று அவர் பேசியதை எனக்கு அவரே சொல்லியிருக்கிறார். மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் ஒரே மாதிரி. சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். மருந்துக் கொட்டகையில் வேலை செய்த அனுபவத்தில் ஒரு முறை கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னாராம். ஆணி, நம்பர், ஞாயிற்றுக்கிழமை வெயில். இரண்டு மாதமாக ஒரு மாஸ்க்கூடத் தொலையவில்லை என்று சொன்னாராம். பக்கத்திலிருந்த பஸ்காரர் ஒருவர், "நல்ல ஐடியா லா" என்று தலையாட்டினார். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

மிஸ்ஸி கை தட்டவில்லை.

"ரெண்டு ஷிப்ட்டுன்னீங்களே அங்கள். நைட்டுல வர்றவங்களுக்கு?"

"அதே மாஸ்க்தான் மிஸ்ஸி. நம்பர் போட்டிருக்கே, மாறாது."

மிஸ்ஸி கையிலிருந்த பேப்பரை மேசையில் வைத்தார். பிறகு ரொம்ப மெதுவாக, உக்காருங்க அங்கள் என்றார். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவரை வெளியே வாசல் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் விளக்கினார். ஈரம், எச்சில், மூச்சு, ஒருவர் வாயில் பட்டது இன்னொருவர் வாயில். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். டக்ளசுக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. மீதியைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இதச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல அங்கள்" என்றார் மிஸ்ஸி. "முப்பது வருஷமா ஒண்ணு கழட்டி ஒண்ணு போட்டுட்டு இருந்தவ நான். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்."

டக்ளஸ் ஒன்றே ஒன்று கேட்டார். என் பஸ்ஸில் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அது இதனாலா?

இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் மிஸ்ஸி. இதனால் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. பஸ் காற்றிலிருந்து வந்திருக்கலாம், வேலை இடத்திலிருந்து வந்திருக்கலாம், வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம்.

அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில் ஏறியபோது ஆணிகள் மட்டும் இருந்தன. மாஸ்க்குகளை பஸ் பட்டறைக்குப் பின்னால் தகர டிரம்மில் போட்டுக் கொளுத்தியிருந்தார். இனிமேல் தினமும் புதுசு, பெட்டி அந்த இயக்கத்திலிருந்து வரும் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புதுசு கிடைத்தால் யார் ஏன் என்று கேட்பார்கள்?

அன்றிலிருந்து ஐந்தாம் நாள் தனேஸ்வரி போய்விட்டாள்.

6

இது வரைக்கும் எழுதியதை டக்ளசுக்குப் படித்துக் காட்டினேன். பெக்டரி வாசலில், ஷிப்ட் மாறுவதற்குக் காத்திருந்த நேரத்தில். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கேட்டார்.

முடிந்ததும், "என்னய ரொம்ப நல்லவனா எழுதிட்டம்மா" என்றார்.

நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன் என்றேன்.

"இருபத்து நாலு ஆணின்னு எழுதியிருக்க. இருபத்து ஆறு."

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கதவுக்கு மேலே காட்டினார். அங்கே இரண்டு ஆணி இருந்தது. தினமும் ஏறி இறங்குகிறேன், கண்ணில் பட்டதே இல்லை.

"எனக்கு ரெண்டு வச்சிருந்தேன். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. ஒரே மாஸ்க்கத் திரும்பிப் போட்டா நாத்தம் தாங்கல. எனக்கு நாறுச்சில்ல? அப்ப அவங்களுக்கு நாறாதா? அத நான் யோசிக்கல பாரு. அத எழுது."

எழுதிவிட்டேன்.

இந்த இடத்தில்தான் கதை என் கையைவிட்டு நழுவியது. அது வரைக்கும் டக்ளசை ஒரு அப்பாவி என்று வைத்திருந்தேன். கற்றதைச் செய்யப்போய் மாட்டிக்கொண்ட மனுஷன். இந்த இரண்டு ஆணியை வைத்துக்கொண்டு அவரை இனி என்னவென்று எழுதுவது? தெரிந்து செய்தார் என்று எழுதினால் பொய். தெரியாமல் செய்தார் என்று எழுதினாலும் முழு உண்மை இல்லை. மூக்குக்குத் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. மருந்துக் கொட்டகையில் பதினோரு வருஷம் அடுத்தவன் ஈரத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு நடந்தவர், தனக்கென்று ஒரு ஆணி கிடைத்ததும் ஆசையாக இரண்டாக வைத்துக்கொண்டார். நான் நாலாம் நம்பர் சீட்டை வைத்துக்கொண்ட மாதிரி.

பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டதாகவும் சொன்னார். மன்னிப்புக் கிடைத்துவிட்டதாம்.

"கெடச்சிருச்சின்னு அவரு சொன்னாரு. ஆனா செத்தது பாதரோட பொண்டாட்டி இல்லியே."

சொல்லிவிட்டு அவரே ஒரு மாதிரி சிரித்தார். நைட் ஷிப்ட் ஆட்கள் கேட்டைவிட்டு வருவது தெரிந்தது. கதவை அகலத் திறந்துவிட்டார்.

7

டக்ளஸ் ரவீந்திரனிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா?

இதைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் போயிருக்கலாம். செத்தவள் திரும்ப வரப்போவதில்லை. எதனால் என்று யாருக்கும் நிச்சயமில்லை. மிஸ்ஸியும் அதைத்தான் சொன்னார், நிச்சயமில்லாததைச் சொல்லி அந்த வீட்டை ஏன் இன்னும் கலக்க வேண்டும் என்று. நாகமணி அக்காவுக்கு இருமல் நின்று நாளாகிவிட்டது. அவருக்கு எதுவுமே தெரியாது.

ஆனால் பதினாறாம் நாள் காரியத்தில் ரவீந்திரன் ஒன்று சொன்னான். டக்ளசிடம்தான் சொன்னான். அவன் அப்போது சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். தனேஸ்வரி படுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அவனுக்கும் காய்ச்சல், இருமல். அதோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

"நான்தான் அங்கள் கொண்டாந்து குடுத்தேன். இழுப்புக்காரின்னு தெரிஞ்சும் பக்கத்துலயே படுத்தேன்."

டக்ளஸ் வாயைத் திறந்தார். அதற்குள் ஐயர் ரவீந்திரனைக் கூப்பிட்டுவிட்டார்.

அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். அவளைத் தூக்குவதில்லை. தொடுவதில்லை. அவனுடைய அக்கா சந்திரிகா வந்து தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் முன்கூடத்தில் தனியாகப் படுக்கிறான், வீட்டுக்குள்ளேயும் மாஸ்க்கோடு இருக்கிறான். பிள்ளைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய் நிற்கிறான் என்று சந்திரிகா என்னிடம் சொல்லி அழுதாள். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லையாம். உனக்கு ஒன்றுமில்லை, இப்போது உன்னிடமிருந்து எதுவும் ஒட்டாது என்று எத்தனை பேர் சொன்னாலும், போன தடவையும் இப்படித்தான் நினைத்தேன் என்கிறானாம்.

இப்போது சொல்லுங்கள். சொல்ல வேண்டுமா, கூடாதா?

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) டக்ளஸ் சொல்கிறார். ரவீந்திரன் அவரை அடிக்கிறான். அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறான். — எழுதும்போது நன்றாக இருந்தது. படித்துப் பார்த்தால் சினிமா மாதிரி இருந்தது. அடித்த கை அவ்வளவு சுலபமாகப் பிள்ளையைத் தூக்குமா?

(ஆ) டக்ளஸ் சொல்கிறார். ரவீந்திரன் நம்பவில்லை. நம்மைத் தேற்றுவதற்காகப் பாவம் கிழவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்து இன்னும் அதிகமாக நன்றி சொல்கிறான். — இதை எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

(இ) டக்ளஸ் சொல்கிறார். ரவீந்திரன் நம்புகிறான். ஆனால் "நிச்சயமா தெரியாது" என்று மிஸ்ஸி சொன்னதையும் சேர்த்துச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதையும் கேட்டுக்கொள்கிறான். பழி இரண்டாகப் பிரிகிறது, ஆனால் பாதியாகக் குறையவில்லை.

(ஈ) நம்பர் எழுதினவள் முதலில் போய்ச் சொல்கிறாள்

8

நாலாவதை முடிக்கவில்லை. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

செத்தவளின் இடத்தை அவள் வீட்டு ஆளுக்கே கொடுக்கிறோம் என்று பெக்டரியில் சொன்னார்கள். ரவீந்திரன் லோரியை விட்டுவிட்டுப் பேக்கிங்குக்கு வந்துவிட்டான். இப்போது எங்களோடு காலை ஷிப்ட். முதல் நாள் ஏறியதும் அவள் எங்கே உட்காருவாள் என்று டக்ளசிடம் கேட்டான். டக்ளஸ் கையைக் காட்டினார். அவன் போய் ஒன்பதாம் நம்பரில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அதே சீட்.

தினமும் ஏறும்போது பெட்டியிலிருந்து ஒரு மாஸ்க் எடுத்துக்கொள்வான். ஏற்கெனவே முகத்தில் ஒன்று இருக்கும், அதற்கு மேல் இதையும் போடுவான். இறங்கும்போது "தேங்ஸ் அங்கள்" என்பான். டக்ளஸ் கண்ணாடியில் அவனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பின்னால் வருகிற லோரியைப் பார்க்கக்கூட கண்ணாடியை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. போன வாரம் ஈஜோக் சந்திப்பில் பக்கத்தில் வந்த ஒரு காடியை உரசப் பார்த்தார்.

ஒருநாள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், ரவீந்திரன் கடைசியாக வந்தான். நான் படியில் நின்றேன். டக்ளஸ் என்ஜினை அணைத்தார். அவர் ஷிப்ட் மாறும்போது என்ஜினை அணைக்கவே மாட்டார்.

"ரவி."

"என்னா அங்கள்?"

டக்ளஸ் என்னைப் பார்த்தார். சாவு வீட்டில் பார்த்த அதே பார்வை. நான் சொல்லியிருக்கலாம். அவர் ஆரம்பித்து வைத்துவிட்டார், நான் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். நான் தலையைக் குனிந்து பையில் எதையோ தேடினேன். பையில் எதுவும் இல்லை.

"பாத்து எறங்கு" என்றார் டக்ளஸ். "படி வழுக்குது."

நேற்று சாயந்திரம் அவனை லயத்தில் இறக்கிவிட்டபோது பிள்ளை வாசலில் நின்றது. அப்பனைப் பார்த்ததும் ஓடி வந்தது. பாதி வழியில் தானாகவே நின்றுவிட்டது. சட்டைக் கழுத்தை இழுத்து மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு, அங்கேயே நின்று அவனுக்குக் கை காட்டியது. அவனும் கை காட்டினான். பிறகு அவன் ஒரு பக்கமாக, பிள்ளை ஒரு பக்கமாக உள்ளே போனார்கள்.

டக்ளஸ் பஸ்ஸை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து இதை எழுதி முடித்தேன். முடித்தேன் என்றால் முடிவு எழுதினேன் என்று அர்த்தம் இல்லை. ரவீந்திரன் ஐந்தாம் படிவம் வரைக்கும் படித்தவன், இந்தத் தாள்களைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டாமலே படித்துவிடுவான். அவனிடம் கொடுப்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஆனால் இது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அவனுக்கு முன்னால் உங்களிடம் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் கொடுப்பது சுலபமாக இருந்தது.

வெளியே சொல்லக் கூடாத பாதரை விட்டுவிட்டால், தெரிந்தும் வாயைத் திறக்காதவர்கள் இது வரை மூன்று பேர். டக்ளஸ், மாடில்டா மிஸ்ஸி, நான். இப்போது நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள்.